தீனி யாருக்கு, எப்போது? மூலனூர்ப் பக்கத்து வெள்ளாட்டுப் பட்டி ஒன்றில் 2017 முதல் 2019 வரை

பின்னணி

தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதிப் பாசனம் எட்டாத மேட்டுப் பூமி. செம்மண்ணும் சரளையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பதால் ஆனி, ஆடியில் காற்று அடிக்கும் அளவுக்கு மழை இருக்காது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. இங்கே எட்டு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பட்டியைப் பற்றியது இந்தப் பதிவு. கால்நடை மருத்துவர் என்ற முறையில் இரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டியோடு எனக்குத் தொடர்பு இருந்தது. எண்கள் அந்த வீட்டு அம்மா எழுதி வைத்த நோட்டிலிருந்து எடுத்தவை.

வீட்டில் மூன்று பேர். கணவர் வெள்ளகோயில் பக்கம் விசைத்தறிக்குப் போகிறார். மேய்ப்பது அவருடைய அப்பா. பட்டியைக் கூட்டுவது, தண்ணீர் காட்டுவது, குட்டி பார்ப்பது எல்லாம் மனைவி. ஆடுகள் பெரும்பாலும் நாட்டு வெள்ளாடு, ஏழெட்டு மட்டும் தலைச்சேரிக் கலப்பு.

கொறங்காடு என்றால் இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் தோதான காடு. வெள்ளாட்டுக்கு அது அரைச் சாப்பாடுதான். வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தழை கடிக்கும் பிராணி; புல்லை மட்டும் நம்பி அது நிற்காது. வேலிக் கிளுவையைக் கடித்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதனாலேயே கொறங்காட்டுக்காரர்கள் பலர் வெள்ளாட்டை உள்ளே விடுவதில்லை. இந்தக் குடும்பம் விட்டது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில்தான் இந்தப் பட்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

2017 கோடை: பட்டியில் கண்டது

26 தாய் ஆடுகள் இருந்தன. கிடாய் ஆண்டு முழுவதும் மந்தையோடே திரிந்ததால், செப்டம்பர், அக்டோபரில் சினைப்பட்டவை எல்லாம் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் ஈன்றன. காட்டில் பச்சை என்று ஒன்றுமே இல்லாத மாதங்கள் அவை. 22 ஆடுகள் ஈன்றன. இரண்டு, மாதம் நெருங்கிய பிறகு கருவை வீசிவிட்டன. ஒன்று சினை பிடிக்கவே இல்லை. ஒன்று, ஈனுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது எழ முடியாமல் படுத்து, தீனி எடுக்காமல், வாயில் ஒருவித இனிப்பு வாடையோடு செத்துப்போனது. கருப்பட்டிக் கரைசல் ஊற்றியும் எழவில்லை. வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்தது. தின்னும் தீனி தனக்கும் போதாமல் குட்டிக்கும் போதாமல், உடம்புக் கொழுப்பை ஒரேயடியாகக் கரைக்கும்போது இப்படி ஆகும்.

பிறந்த குட்டிகள் 31. பால்குடி மறப்பதற்குள் 13 செத்தன. நோட்டில் செத்த தேதி மட்டும் இருந்தது. பிறந்த தேதியை அந்த அம்மாவிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதியபோது ஒன்று புலப்பட்டது: 13-இல் பத்து, பிறந்த பத்து நாளுக்குள் போனவை, அதிலும் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். கழிச்சல், சளி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எழுந்து நின்று காம்பைப் பிடிக்கவே தெம்பில்லாத குட்டிகள். நான் போன வாரத்தில் பிறந்த இரண்டை நிறுத்தபோது ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருந்தது. இந்த ஆடுகளுக்கு இரண்டு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும்.

தாய்களை இடுப்புக்கு மேல் முதுகெலும்பில் விரல் வைத்துப் பார்த்தேன். எலும்பு முனை கத்தி மாதிரி குத்தியது. 1 முதல் 5 வரை போடும் உடல்நிலை மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் 2-ஐத் தொடவில்லை. குடற்புழு ரத்தத்தை உறிஞ்சினால் கண் இமையின் உட்புறம் வெளிறும்; மூன்று ஆடுகளில்தான் அப்படி இருந்தது. சாணப் பரிசோதனையிலும் புழுவின் அளவு குறைவு. அவ்வளவு காய்ந்த காட்டில் புழு பெருக வழியில்லை. ஆக, குடற்புழு மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பி வரக்கூடிய பட்டி இல்லை இது.

பழைய தீனிக் கணக்கு

அந்த வீட்டில் தீனி வைக்காமல் இல்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஆட்டுக்குக் கொஞ்சம் தீனி வையுங்கள்" என்ற அறிவுரைக்கு அங்கே வேலையே இல்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை தினமும் சாயங்காலம் மரவள்ளித் திப்பியும் கொஞ்சம் மக்காச்சோளமும் கலந்து நீளத் தொட்டியில் கொட்டினார்கள். ஆட்டுக்கு 250 கிராம் வீதம் கணக்குப் போட்டால், ஐந்து மாதத்தில் ஏறக்குறைய ஒரு டன். செலவு ரூ. 15,000-ஐத் தொட்டிருந்தது.

"வயிறு என்னமோ ரொம்பித்தான் இருக்குதுங்க, மடிதான் காஞ்சு கெடக்குது" என்றார் அந்த அம்மா. நிலைமையை இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியிருக்க முடியாது.

திப்பி, சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளின் கழிவு. விலை குறைவு, கிடைப்பதும் எளிது. அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லிலும் புரதம் மிகக் குறைவு. ஆடு தின்பதில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. புல் செரிக்க நாளாகும், வயிறு காலியாகாது, ஆடு அடுத்த வாய் புல்லை எடுக்காது. அங்கே மேலும் மாவைக் கொட்டினால் வயிறு உப்பித் தெரியும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நூறு கிராம் புண்ணாக்கு வைத்தால், அதன் சொந்தச் சத்தோடு, காட்டில் கிடக்கும் காய்ந்த புல்லையும் ஆடு கூடுதலாகத் தின்று செரிக்கும்.

தொட்டியில் நடந்தது இன்னொரு கதை. ஒரு சாயங்காலம் நின்று பார்த்தேன். கிடாயும் கொம்பு பெரிய நாலைந்து ஆடுகளும் முட்டித் தள்ளிவிட்டு நடுவில் நின்று தின்றன. இரட்டை ஈன்று நொந்துபோன ஆடுகள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொட்டியை நக்கிவிட்டுப் போயின. 250 கிராம் சராசரி கணக்கில்தான் இருந்தது. தேவைப்பட்ட ஆட்டின் வாய்க்குப் போகவில்லை.

காலமும் தப்பியிருந்தது. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. மடி ஊறுவதும் அப்போதே. இங்கே ஆடு ஈன்று, குட்டி தள்ளாடுவதைப் பார்த்த பிறகுதான் தீனிச் சாக்கு வந்தது.

தண்ணீர் மதியம் ஒரு வேளை மட்டும். லாரித் தண்ணீர் வாங்கிய கோடை, குறை சொல்ல முடியாது. ஆனால் தாகத்தோடு நிற்கும் ஆடு காய்ந்த தீவனத்தைக் குறைத்துத்தான் தின்னும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செலவைக் கூட்ட வழியில்லை என்று கணவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. அதே பதினைந்தாயிரத்துக்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டி வந்தது.

முதல் முடிவு ஈனும் மாதத்தை மாற்றுவது. காட்டில் பச்சை இருக்கும் காலத்தில் கடைசிச் சினையும் முதல் மாதப் பாலும் வந்தால் பாதித் தீனியை மழையே போட்டுவிடும். ஆடியில் கிடாய் சேர்த்தால் மார்கழியில் குட்டி. ஆனால் கிடாயைத் தனியே கட்டி வைத்து மேய்க்க ஆள் இல்லை. இதற்கு வழி சொன்னவர் பெரியவர். கிடாயின் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணியை மறைப்பாகக் கட்டிவிட்டால் மந்தையோடு திரிந்தாலும் சேராது, செம்மறிப் பட்டியில் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றார். செய்தோம். துணி நனைந்து புண்ணாகாமல் இருக்க வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் தொந்தரவு.

கணவர் இதை லேசில் ஒப்பவில்லை. "ரெண்டு வருசத்துல மூணு ஈத்து எடுக்கறதை ரெண்டா கொறைச்சா, பட்டி எப்பிடிங்க பெருகும்?" நியாயமான கேள்விதான். தீனி கிடைக்கிற பண்ணையில் இரண்டு ஆண்டுக்கு மூன்று ஈற்று எடுப்பது முடியக்கூடியது, எடுக்கவும் வேண்டும். பிறந்ததில் பத்துக்கு நாலு சாகும் பட்டியில் அந்த மூன்றாவது ஈற்று ஏட்டில்தான் இருக்கிறது என்று செத்த குட்டிகளின் பக்கத்தைக் காட்டினேன். ஓராண்டு பார்ப்போம் என்றார்.

இரண்டாவது, தீனி மாற்றம். திப்பியை நிறுத்தினோம். நூறு கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 35, கோதுமைத் தவிடு 27, கடலைப் புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 15, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. புரதம் ஏறக்குறைய 18, 19 சதவீதம் வரும். காங்கேயத்தில் கொப்பரைத் தொழில் இருப்பதால் தேங்காய்ப் புண்ணாக்கு பக்கத்திலேயே கிடைக்கிறது. சீக்கிரம் சிக்குவாடை எடுக்கும், அதனால் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம் என்று சொன்னேன். கடலைப் புண்ணாக்கில் பூசணம் கண்டால் அந்தக் கட்டியே வேண்டாம். அன்றைய விலையில் கலவை கிலோ ரூ. 23, 24-க்கு அடங்கியது.

மூன்றாவது, யாருக்கு என்பது. கிடாய் சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மெலிந்த ஆடுகளுக்கு மட்டும் 200 கிராம். சினையின் கடைசி ஆறு வாரம் எல்லாத் தாய்க்கும் 200 கிராம். ஈன்றபின் ஆறு வாரம் 300 கிராம். குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. மற்ற காலத்தில் வெறும் மேய்ச்சல். எந்த அளவையும் ஒரே நாளில் ஏற்றாமல் ஐம்பது கிராமில் ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் பட்டிக்குள் வந்ததும் ஒவ்வோர் ஆட்டையும் கல்காலில் கட்டி, அதனதன் பேசினில் வைப்பது என்று முடிவாயிற்று. அரை மணி நேர வேலை கூடும். அது அந்த அம்மாவின் தலையில்தான் விழுந்தது. இந்தத் திட்டத்தின் உண்மையான விலை புண்ணாக்கில் இல்லை, இந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.

பெரியவருக்குத் தீனி வைப்பதிலேயே உடன்பாடில்லை. "ஏனுங்க டாக்டரு, மேயற ஆட்டுக்குத் தீனி வெச்சுப் பழக்குனா அப்பறம் காட்டுக்கே போகாதுங்க" என்றார். காலையில் வைத்தால் அவர் சொல்வது நடக்கும். அதனால்தான் சாயங்காலம் என்று வைத்தோம்.

முதல் சுற்று: 2017 ஆகஸ்ட் முதல் 2018 ஏப்ரல் வரை

ஆடியில் கிடாய் சேர்ப்பதாக இருந்தது. ஜூன் கடைசியிலும் ஆடுகள் தேறவில்லை. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவம் வழக்கத்தைவிடப் பரவாயில்லை, காட்டில் தளிர் கண்டது. ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் நடுவில் மறைப்புத் துணியை அவிழ்த்தோம். இதற்குள் மூன்று கிழட்டு ஆடுகளை விற்று, இரண்டு இளம் பெட்டைகளைச் சேர்த்திருந்தார்கள். மொத்தம் 24. ஆறு வாரம் கழித்து மறுபடி துணி. ஆட்டின் பருவச் சுழற்சி 21 நாள், ஆறு வாரத்தில் இரண்டு வாய்ப்பு கிடைத்துவிடும்.

2018 ஜனவரி, பிப்ரவரியில் 21 ஆடுகள் ஈன்றன. 29 குட்டிகள். செத்தவை மூன்று. பிறந்த எடை பெரும்பாலும் 1.8 கிலோவுக்கு மேல், ஒற்றைக் குட்டிகள் இரண்டைத் தாண்டின. ஈன்ற அரை மணியில் குட்டி எழுந்து சீம்பால் குடித்ததை அந்த அம்மா நோட்டில் தனியாகவே எழுதியிருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை.

குட்டித் தீனிக்கு, பழைய பலகைச் சட்டங்களைக் குட்டி மட்டும் நுழையும் இடைவெளியில் அடித்து, பட்டியின் ஒரு மூலையைத் தடுத்தார்கள். உள்ளே நெடுக்கில் பிளந்த பிவிசி குழாய்தான் தொட்டி. பகலில் தாய்கள் காட்டுக்குப் போனபின் குட்டிகள் கொடாப்புக் கூடைக்குள் கிடந்த வழக்கம் போய், இந்த மூலையில் திரிய ஆரம்பித்தன. மூன்று மாதத்தில் குட்டி சராசரி 10 கிலோவைத் தாண்டியது. முந்தின ஆண்டு பிழைத்தவை ஏழு கிலோவைச் சுற்றி இருந்தன.

தழைக்கு எதிர்பாராத உதவி முருங்கையிலிருந்து வந்தது. மூலனூர் முருங்கைக்குப் பேர்போன ஊர். கவாத்து செய்யும் தோட்டத்தில் கிளைகளைச் சும்மா எடுத்துப்போகச் சொல்வார்கள். முருங்கைத் தழையில் புரதம் நன்றாக உண்டு. கட்டாகக் கட்டி ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிட்டால் ஒரு தழை வீணாகாது. மருந்தடித்த தோட்டமா என்று கேட்டுக்கொண்டுதான் வெட்ட வேண்டும். வேலிமசால் என்ற தீவனப் பயிரின் விதையும் வாங்கிப் போட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பத்தாமல் அது கருகிப்போனது.

இரண்டாம் சுற்று: மழை குறைந்த ஆண்டு

முதல் சுற்றின் வெற்றியை முழுதாகத் தீனியின் கணக்கில் எழுதினால் தப்பு. 2017 கோடை வறட்சியின் உச்சம், அதன் பின் வந்தது மழை கண்ட ஆண்டு. பாதி வித்தியாசம் வானத்தால் வந்திருக்கும். அதனால் இரண்டாம் சுற்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2018 வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் சராசரிக்கும் கீழ்.

அந்தக் கோடையில் பெரியவர் வெள்வேலங்காய் பொறுக்கிச் சேர்த்தார். சித்திரை, வைகாசியில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய். ஆடு விரும்பித் தின்னும், ஆனால் விதை கல் மாதிரி இருப்பதால் பாதி அப்படியே புழுக்கையோடு வெளியே வரும். காட்டில் புது மரம் முளைக்க அது நல்லது, ஆட்டுக்கு நட்டம். களத்தில் பரப்பி டிராக்டர் சக்கரத்தை ஏற்றி உடைத்து, சாக்கில் கட்டி வைத்தார்கள். ஆடியில் கிடாய் சேர்க்கும் முன் மெலிந்த ஆடுகளுக்குக் கலவையில் கால் பங்கு இந்தக் காயே போயிற்று. தீனியை எதிர்த்த மனிதர், தன் காட்டுக் காய் என்றதும் தானே அளந்து வைக்க ஆரம்பித்தார்.

இந்த முறை 22 ஆடுகள். சினை பிடிக்காத மூன்றில் இரண்டை விற்றிருந்தார்கள். 2018 டிசம்பரிலும் ஜனவரி முதல் பாதியிலும் 20 ஆடுகள் ஈன்று 30 குட்டிகள். ஆறு செத்தன. இரண்டு பிறந்ததிலிருந்தே சோகை. ஒன்றைத் தெருநாய் கடித்தது. மீதி மூன்றுதான் கவனிக்க வேண்டியவை: ஐந்து, ஆறு வார வயதில் பட்டியிலேயே கொழுத்த, ஒற்றையாய்ப் பிறந்த குட்டிகள். ராத்திரி நன்றாக இருந்து விடியும்போது செத்துக் கிடந்தன, மூன்றாவது துள்ளி விழுந்து கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு என் கண்முன் போனது. துள்ளுமாரி என்று முடிவுக்கு வந்தேன். குடலில் சும்மா கிடக்கும் கிருமி, மாவுச்சத்து திடீரென அதிகம் கிடைத்தால் பெருகி நஞ்சு கக்கும். அதிகம் தின்னும், அதிகம் பால் குடிக்கும் குட்டியைத்தான் முதலில் தூக்கும். அந்த ஆண்டு தாய்களுக்குத் தடுப்பூசி தள்ளிப்போயிருந்தது. அந்த வாரம் தரகர் ஒருவர் மலிவாக விற்ற மக்காச்சோளத்தைக் குட்டித் தொட்டியில் தனியாகவே கொட்டியதும் பிறகுதான் தெரிந்தது. மக்காச்சோளத்தை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஊசி போட்டோம். அதற்கு மேல் சாவு இல்லை.

மீதி 24 குட்டிகள் மூன்று மாதத்தில் சராசரி ஒன்பதரைக் கிலோ. மழை குறைந்த ஆண்டுக்கு இதை நல்ல எடை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வரவு செலவு

முதல் சுற்றில் மெலிந்த ஆடு, சினை ஆடு, பால் ஆடு, குட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கலவை 700 கிலோவுக்குள் அடங்கியது. செலவு ரூ. 16,000-ஐ ஒட்டி. திப்பிக் காலத்துச் செலவோடு ஒப்பிட்டால் ஆயிரம் ரூபாய்தான் கூடுதல். 2017-இல் பிழைத்த 18 குட்டிகளில் 14-ஐ விற்று ஏறக்குறைய ரூ. 32,000 வந்தது. வறட்சியில் எல்லோரும் ஓட்டிக்கொண்டு வந்ததால் விலையும் விழுந்திருந்தது. 2018-இல் 26-இல் ஆறு பெட்டைகளை நிறுத்திக்கொண்டு 20-ஐ ஐந்து மாதம் வளர்த்து விற்றார்கள், ரூ. 74,000.

கன்னிவாடிச் சந்தையில் ஆட்டை நிறுத்து வாங்க மாட்டார்கள், கண்மதிப்புதான். இடுப்பைப் பிடித்துப் பார்த்து ஒரு விலை சொல்வார்கள். அதனால் கூடின கிலோ எல்லாம் அப்படியே காசாகாது. அந்த அம்மா ஒரு தொங்கு தராசு வாங்கினார். சந்தைக்குப் போகும் முன் எடையைத் தெரிந்துகொண்டு போனபிறகு கணவர் பேரம் பேசும் விதம் மாறிவிட்டது.

திரும்பச் செய்தால் மாற்ற வேண்டியவை

துள்ளுமாரி ஊசியை மழைக்காலத்தோடு மட்டும் முடிச்சுப் போடாமல், ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட வேண்டும். சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும். தீனி வைக்காத பட்டியைவிடத் தீனி வைக்கும் பட்டிக்கு இது கட்டாயம்.

சினைக் கடைசியில் எல்லாத் தாய்க்கும் ஒரே 200 கிராம் என்பதை விட்டுவிடுவேன். 2017 டிசம்பரில் காட்டில் பச்சை நிறைய இருந்தது. நல்ல உடம்போடு நின்ற ஆறேழு ஆடுகளுக்கு அந்தத் தீனி தேவையே இல்லை. முதுகில் விரல் வைத்துப் பார்த்து, மெலிந்ததற்கு 250, தேறியதற்கு 100 என்று பிரித்திருக்கலாம். தலைச்சேரிக் கலப்பு ஆடுகள் இரட்டை அதிகம் ஈனுவதால் அவற்றைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

தண்ணீரைக் கோடையில் இரண்டு வேளை ஆக்கியது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தீனி மாற்றமும் அதுவும் ஒரே வாரத்தில் தொடங்கியதுதான் காரணம்.

மார்கழி ஈற்றா, தை ஈற்றா என்பதில் 2019 வரை வீட்டில் பேச்சு முடியவில்லை. மார்கழியில் ஈன்றால் பால் மாதங்களுக்குப் பச்சை கிடைக்கும், ஆனால் பனியில் குட்டி நடுங்கும், பட்டிக்குக் காற்றுத் தடுப்பு வேண்டும். தையில் ஈன்றால் ஆடித் திருவிழா விலைக்குக் குட்டி ஆறு மாத வயதில் நிற்கும் என்கிறார் கணவர். இருந்தாலும் 2019 கோடையில் மறைப்புத் துணியை ஆடி முதல் வாரத்தில் அவிழ்ப்பது என்று முடிவு செய்து, கலவைக்குப் புண்ணாக்கு சொல்லி வைத்திருந்தார்கள்.